ஹைபிரிட் வண்டி மைலேஜ் தரவில்லையா? சர்வீஸுக்கு விடும் முன் அறிகுறி வாரியாகப் பாருங்கள்

சேலத்தில் ஹைபிரிட் கார் வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்க ஆரம்பிக்கும் கேள்வி இது: "ஷோரூம்ல 28 வரும்னாங்க. எனக்கு 19-ஐ தாண்ட மாட்டேங்குதுங்க. வண்டியில ஏதாவது கோளாறா?" பெரும்பாலும் கோளாறு இருக்காது. எந்த ரோட்டில் ஓடுகிறது, யார் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது, வாங்கின பிறகு வண்டியில் என்னென்ன மாட்டினார்கள் என்று விசாரித்தாலே பாதி விடை வந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பெரிய பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வண்டிதான் ஹைபிரிட். அது பெட்ரோலை மிச்சம் பிடிப்பது முக்கியமாக இரண்டு வழியில். எஞ்சின் தேவைப்படாத நேரத்தில் அதை அணைத்து வைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சூடாகப் போகிற சக்தியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. இந்த இரண்டில் எதை நாம் தடுத்தாலும் மைலேஜ் இறங்கும். கீழே வரும் அறிகுறிகளில் தேடப்போவதும் இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. வண்டியின் பின்னால் "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று இருந்து, மீட்டரில் பச்சை நிற ஈவி விளக்கு எப்போதுமே எரியாவிட்டால் அது மைல்டு ஹைபிரிட். மோட்டார் மட்டும் தனியாக அந்த வண்டியை ஓட்டாது. அப்படி ஓட்டக்கூடியது ஸ்ட்ராங் ஹைபிரிட்; மோட்டார் மட்டும் ஓட்டும் நேரத்தில்தான் ஈவி விளக்கு எரியும். இந்தக் கட்டுரையில் டயர், வேகம், கேரியர் பற்றி வருவது மட்டும் அதற்குப் பொருந்தும்.

"கம்பெனி சொன்ன கணக்கு வரவே இல்லை"

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97, இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24 என்பவை சோதனைக்கூடத்தில் ரோலர் மேல் ஓட்டி எடுத்த எண்கள். ஏசி கிடையாது, ஏற்றம் கிடையாது, வேகம் 90-ஐத் தாண்டாது. அந்த எண்ணை வைத்து உங்கள் வண்டியை எடை போடாதீர்கள். உங்கள் வண்டியின் பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிடுங்கள். பழைய கணக்கு இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள்: ஒரே பங்க், நாசில் தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல், ட்ரிப் மீட்டர் சைபர். அடுத்த முறை அதேபோல் ஃபுல் அடித்து, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். தொடர்ந்து மூன்று நான்கு டேங்க் பார்த்தால்தான் உண்மை தெரியும். டேஷ்போர்டு காட்டும் சராசரி பொதுவாகக் கொஞ்சம் தாராள மனசுக்காரர், அதையும் மனதில் வையுங்கள்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது; அதில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலப்பது கூடியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்குப் போனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் மூன்றரை சதவீதம் போலக் குறையும். முன்பு 22 தந்த வண்டி இப்போது 21-ஐ ஒட்டித் தந்தால் அதற்கு இதுவே போதுமான காரணம்.

"ஊருக்குள்ள ஓட்டுனாதான் நல்லா வரணும், அங்கதான் மோசமா வருது"

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ரெண்டு கிலோமீட்டர். விட்டுவிட்டு வந்து வண்டியை நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை, சாயங்காலம் மறுபடி பள்ளிக்கூடம். இப்படி ஓடும் வண்டிக்கு லிட்டருக்கு 15 கூட வராமல் போகலாம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலையில் எடுத்ததும் பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் எஞ்சின் ஓடும். புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் எஞ்சினும் சூடாகும் வரை கம்ப்யூட்டர் அதை அணைக்க விடாது. சூடு ஏறி முடிக்கும்போது நீங்கள் பள்ளிக்கூட வாசலில் இருப்பீர்கள்.

இதற்குப் பட்டறையில் மருந்து இல்லை. மூன்று நடையை ஒரே நடையாகச் சேர்த்தால் அந்தச் சூடேற்றும் செலவு ஒரு தடவையோடு முடியும். வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு சூடாக்குவதும் வீண். எடுத்த உடனே மெதுவாகக் கிளம்புவதே நல்லது.

"சிக்னல்ல நிக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு"

முதலில் கியர் லிவரைப் பாருங்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலோ ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழேயோ நின்றதும் நியூட்ரலுக்குத் தட்டுவது மேனுவல் வண்டி ஓட்டிய கைகளுக்கு ஊறிப்போன பழக்கம். ஹைபிரிட்டில் அது எதிர்மாறாக வேலை செய்யும். டொயோட்டா ஹைபிரிட் அமைப்பில் லிவர் 'என்'-ல் இருந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். 'டி'-யிலேயே விட்டு பிரேக்கை மிதித்து நில்லுங்கள். நீண்ட ரயில்வே கேட் என்றால் பார்க்கிங் 'பி'-யில் போடுங்கள்.

லிவர் சரியாக இருந்தும் எஞ்சின் ஓடினால் அடுத்து ஏசி. இந்த வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது. ஆனால் அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மதியம் முழுக்க வெட்டவெளியில் நின்ற வண்டியில் ஏறி, 'லோ'-வில் வைத்து ஃபேனை முழுசாகத் திருகினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், எஞ்சின் வந்து ஏற்றும், திரும்ப இறங்கும். ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி அனல் வெளியேறும் வரை கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பிறகு உள்காற்று சுற்றும் பொத்தானை அழுத்தி 25, 26-ல் விட்டால் போதும். முன் கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடு வாங்கிப் போடுவது, பெட்ரோலுக்கு என்று சொல்லி விற்கும் எந்தப் பொருளையும் விட உருப்படியான செலவு.

அதற்காக ஏசியையே அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு ஓட்டுவோரும் உண்டு. கோடையில் இது கையைக் கடிக்கலாம். பல ஹைபிரிட்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்துதான் போகிறது. உள்ளே அனலாக இருந்தால் பேட்டரிக்கும் அனல்தான் கிடைக்கும். சூடான பேட்டரியைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சார்ஜ் ஏற்றுவதையும் இறக்குவதையும் கட்டுப்படுத்தும். அந்தப் பாரம் எஞ்சின் தலையில் விழும்.

இங்கேதான் சீட் கவர்க்காரரும் மேட் கடைக்காரரும் கதைக்குள் வருகிறார்கள். பேட்டரிக்குக் காற்று போகும் வாய், வண்டியைப் பொறுத்து, பின் சீட்டுக்குப் பக்கத்திலோ சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் ஓரத்திலோ சிறு கம்பிவலை போன்ற ஜாலியாக இருக்கும். எங்கே என்று உங்கள் வண்டியின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். தடித்த லெதர் சீட் கவர் அதன் மேல் படிந்திருக்கும். அல்லது தரையையும் ஓரங்களையும் மூடும் 7டி மேட் அதைப் பாதி அடைத்திருக்கும். அல்லது மாம்பழப் பெட்டி நாள் கணக்கில் அதன் மேல் சாய்ந்திருக்கும். பின் சீட்டிலிருந்து ஃபேன் சத்தம் வழக்கத்தை விட அதிகமாகக் கேட்டால் இதுதான் முதல் சந்தேகம். கையை ஜாலிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். காற்று உள்ளே இழுப்பது தெரிய வேண்டும். உள்ளே ஒரு தூசி ஃபில்டரும் இருக்கும். நம் ஊர்ச் செம்மண் தூசியும் நாய், பூனை முடியும் அதை அடைத்துவிடும். சர்வீஸில் கேட்காவிட்டால் பல இடங்களில் அதைத் திறப்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

"ஏற்காடு ஏறும்போது மைலேஜ் பாதியாகுது"

குறையத்தான் செய்யும். எவ்வளவு குறைந்தால் சரி என்று தெரிந்துகொள்வதுதான் விஷயம். கணக்கு இப்படி: சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம்; ஏற்காடு மலை 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏரிப் பக்கம் வரை என்று வைத்து ஏற்றம் 1,100 மீட்டர் என எடுத்துக்கொள்வோம். நாலு பேரோடு வண்டி 1,500 கிலோ. அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் வேண்டிய சக்தி, கரண்ட் பில் பாஷையில் சொன்னால், நாலரை யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஒன்பது யூனிட் போல. நல்ல ஹைபிரிட் எஞ்சினும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் சக்கரத்துக்குத் தரும். ஆக, தூக்குவதற்கே ஒன்றரை லிட்டர் போய்விட்டது. வழக்கமான ஓட்டத்துக்கு இன்னொரு லிட்டர் போடுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் என்றால் லிட்டருக்கு 12. எனவே அடிவாரத்தைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் மீட்டர் 10, 11 என்று காட்டினால் அது வண்டி நலமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

"பேட்டரி உதவாதா?" என்று கேட்பார்கள். ஹைரைடர் வகை வண்டியில் இருக்கும் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். அதையும் அடிமட்டம் வரை இறக்கவோ உச்சம் வரை ஏற்றவோ கம்ப்யூட்டர் விடாது. நாலரை யூனிட் வேலைக்கு அது முதல் சில வளைவுகளோடு சரி. அதற்குமேல் எஞ்சின் ஒன்றேதான் இழுக்கிறது. ஏற்றத்தில், சார்ஜ், எக்கோ, பவர் என்று பிரித்திருக்கும் மீட்டரில் பவர் பகுதிக்கு முள் போகிறதே என்று பதறி 20-ல் ஊர்ந்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது; பின்னால் வரும் பஸ்காரரின் ஹாரன்தான் மிஞ்சும். வளைவுக்கு வளைவு மிதித்து, திருப்பத்தில் பிரேக் அடித்து, மறுபடி மிதிப்பதை விட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள். இருபது வளைவு, ஒவ்வொன்றிலும் அந்த மிதி வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும்.

ஏறியதை மட்டும் வைத்து மைலேஜ் சொல்வதும், இறங்கியதை மட்டும் வைத்து "எனக்கு 60 வந்தது" என்று ஸ்டேட்டஸ் போடுவதும் ஒரே வகைத் தப்பு. போய்விட்டுத் திரும்பி வந்து, மொத்தமாகக் கணக்குப் பாருங்கள். 20-ஐ ஒட்டி வந்தால் வண்டியைச் சந்தேகப்படாதீர்கள்.

"இறங்கும்போது எஞ்சின் அலறுது, ஆனா ஆக்ஸிலேட்டர்ல காலே இல்ல"

பலரும் பயந்து போன் செய்வது இதற்குத்தான். உச்சியிலிருந்து கிளம்பி முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும். மேலே சொன்ன கணக்கின்படி, பேட்டரியில் காலியாக இருக்கும் அரை யூனிட்டுக்கும் குறைவான இடத்தை நிரப்ப நூறு மீட்டரை ஒட்டிய இறக்கமே போதும். நாம் இறங்கப்போவதோ ஆயிரத்துக்கு மேல். பேட்டரி நிரம்பின பிறகு அந்தச் சக்தியைப் போட இடம் இல்லாததால் கம்ப்யூட்டர் எஞ்சினைச் சுற்றவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் சுற்றும், சத்தம் வரும், பெட்ரோல் எரியாது. அந்த நேரத்து உடனடி மைலேஜைப் பாருங்கள், முள் உச்சியில் நிற்கும்.

லிவரில் "பி" என்று இரண்டு இருக்கும். ஒன்று P, பார்க்கிங். டி-க்குக் கீழே இருக்கும் B இறக்கத்துக்கானது. இறங்கத் தொடங்கியதும் அந்தக் கீழ் 'பி'-க்கு மாறுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடல் இருக்கும் வண்டியில் அதை இழுங்கள். பிரேக் சூடாகாமல் இருக்கும். கருகிய வாசனையோடு ஓரத்தில் நின்று சக்கரத்தில் தண்ணீர் ஊற்றும் வண்டிகளை விடுமுறை நாளில் இந்த மலையில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீர் சூடான டிஸ்க்கை வளைத்துவிடவும் கூடும்.

நியூட்ரல் போட்டு இறங்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "பெட்ரோல் மிச்சம்ங்க" என்று சொல்லிக்கொடுப்பவர் பழைய அம்பாஸடர் காலத்து ஆள். நியூட்ரலில் எஞ்சின் தடுப்பும் இல்லை, மின்சாரமும் சேராது, முழு வண்டியும் டிஸ்க் பேட் மேல் தொங்கும். டி-யில் காலை எடுத்துவிட்டு இறங்கினாலே எரிபொருள் போவதில்லை. அப்புறம் நியூட்ரலில் என்ன மிச்சம்?

அடிவாரம் வந்ததும் டி-க்குத் திரும்புங்கள். பேட்டரி நிரம்பியிருக்கும், அங்கிருந்து கோரிமேடு வழியாக மெதுவாக ஓட்டினால் நல்ல தூரம் எஞ்சின் எழாமலே வரலாம். மறந்து அந்தக் கீழ் பி-யிலேயே ஊருக்குள் சுற்றினால் காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி இழுத்துப் பிடிக்கும், மைலேஜ் இறங்கும்.

"பைபாஸ்ல போனா பழைய பெட்ரோல் வண்டி மாதிரியே வருது"

110-ல் போனால் அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் இருப்பதைப் போல 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எஞ்சின் அணைய வாய்ப்பு குறைவு, பிரேக்கும் அதிகம் பிடிப்பதில்லை. ஹைபிரிட் என்ற பெயருக்கு அதிகம் வேலை இல்லாத ஓட்டம் அது. சீலநாயக்கன்பட்டியில் ஏறி சங்ககிரி வரை 85-ல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வித்தியாசத்தை உங்கள் மீட்டரே சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை. குரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் நல்லது. தொப்பூர் மாதிரி ஏற்ற இறக்கத்தில் காலே மேல்.

"ஈவி விளக்கை எரியவிட்டே ஓட்டுறேன், அப்பவும் வரல"

அந்தப் பச்சை விளக்கின் மேல் ஒரு மோகம் இருக்கிறது. அது அணையக் கூடாது என்று 25-லேயே ஊர்ந்து, பேட்டரி தீர்ந்ததும் எஞ்சின் வந்து நின்ற இடத்திலேயே சார்ஜ் ஏற்றும். அந்த மின்சாரத்தில் கொஞ்சம் பிரேக்கிலிருந்து வந்தது. மீதி எல்லாம் உங்கள் பெட்ரோல்தான். பெட்ரோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தைத் திரும்ப ஓட்டமாக்கும் ஒவ்வொரு கைமாற்றிலும் கமிஷன் போகும்.

சரியான பழக்கம் இது. சிக்னல் விழுந்ததும் முள் எக்கோ பகுதியைத் தாண்டாமல், ஆனால் தயங்காமல் 45, 50-க்குப் போங்கள். அங்கே காலை முழுசாக எடுங்கள், எஞ்சின் அணையும். பிறகு இறகால் தொடுவது போல லேசாக மிதித்து அந்த வேகத்திலேயே மிதக்க விடுங்கள். முன்னால் சிவப்பு தெரிந்தால் தூரத்திலேயே பிரேக்கைத் தொடுங்கள். முள் சார்ஜ் பகுதிக்குள் இருக்கும் வரை அந்த வேகம் பேட்டரிக்குப் போகிறது. கடைசி நொடியில் ஓங்கி அடித்தால் டிஸ்க்கைச் சூடாக்கப் போகிறது. ஒரே ரோட்டில், ஒரே வண்டியில், இரண்டு பேர் ஓட்டி மைலேஜில் பெரிய வித்தியாசம் வருவது பெரும்பாலும் இந்த பிரேக் காலால்தான்.

"அலாய் மாத்தினதுல இருந்துதான் இப்படி"

அகலமான டயர், கனமான அலாய், இரண்டுமே பெட்ரோல் கேட்கும். கம்பெனி டயர் உருள்வதற்கு எளிதான ரகமாகத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் பார்வைக்காகத் தேர்ந்தெடுத்தீர்கள். இதில் ஒரு கண்கட்டும் உண்டு. 215/60 ஆர்17-க்குப் பதில் 225/60 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 1.7 சதவீதம் கூடும். நிஜத்தில் 1,017 கிலோமீட்டர் ஓடிய வண்டி 1,000 என்று காட்டும். அதாவது தெரியும் குறைவில் ஒரு பங்கு வெறும் மீட்டர் பிழை. மீதிதான் நிஜமான நஷ்டம். அதே அளவில் புது டயர் போட்டாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் கொஞ்சம் குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

டயர் காற்றை பங்கில் ஓட்டிக்கொண்டு போய் அடிக்கும்போது டயர் சூடாக இருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். காலையில், வண்டி எடுக்கும் முன், டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குப் பாருங்கள்.

மேலே கேரியர் மாட்டியிருந்தால் டூர் முடிந்ததும் கழற்றுங்கள். மழுங்கிய கூரைப் பெட்டி ஒன்று நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை எரிபொருளைத் தின்னும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இரும்பு கிராஷ் கார்டும், டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சாமான்களும் எடைதான். பவர்ஃபுல் ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் கூடும் என்பதும் இல்லை; ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்தபோது, அடைத்துப்போன ஃபில்டரை மாற்றிய பிறகும் இன்றைய வகை பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருள் செலவு மாறவில்லை, பிக்கப்தான் தேறியது.

சர்வீஸில் பிழைக் குறியீடு படிக்கும் ஓபிடி பிளக்கில் செருகும் "ஃப்யூயல் சேவர்" பற்றி ஒரு வரி: அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது, குறிப்பிடத்தக்க மிச்சம் தந்த ஒன்றும் தேறவில்லை. ஹைபிரிட்டில் அது இன்னொரு தொல்லையும் தரலாம். நிறுத்திய வண்டியிலும் அது சின்ன 12 வோல்ட் பேட்டரியை உறிஞ்சி, ஒரு காலையில் 'ரெடி' விளக்கே வராமல், வண்டி கிளம்பாமல் செய்யும்.

"போன வாரம் வரை நல்லா இருந்துச்சு, திடீர்னு இறங்கிடுச்சு"

படிப்படியாக இறங்கினால் பழக்கம், டயர், ஃபில்டர். திடீரென்று இறங்கினால்தான் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். சமீபத்தில் வெளியே சர்வீஸ் செய்தீர்களா? கையேடு 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 என்று மெல்லிய ஆயில் கேட்கும் இடத்தில் கெட்டி ஆயிலை ஊற்றியிருக்கலாம். பில்லில் கிரேடைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்ததா? அலைன்மென்ட் பாருங்கள்.

அடுத்து பிரேக். ஹைபிரிட்டில் பேட் குறைவாக உழைப்பதால் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது உண்டு. பிரேக் அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்து, சமதளத்தில், எஞ்சின் சூடான பிறகும், ஏசி அணைத்தும், நின்ற இடத்தில் எஞ்சின் அணையவே மறுத்தால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். "மைலேஜ் வரல" என்று மட்டும் சொன்னால் தண்ணீர் அடித்துக் கழுவித் தருவார்கள். பெரிய பேட்டரியின் ஹெல்த் செக் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கேளுங்கள், பேட்டரி ஃபேன் ஃபில்டரைக் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள், பதிவான பிழைக் குறியீடுகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கும். சவுண்ட் சிஸ்டம் மாட்டுபவரோ பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனோ அதன் பக்கத்தில் கை வைக்க அனுமதிக்காதீர்கள்.